உங்கள் வலைப்பதிவுக்கு யார் லிங்க் கொடுக்கிறார்கள் என்று பயப்பட வேண்டுமா?

போன மாதம் முள்ளியவளையிலிருந்து ஒரு தங்கச்சி இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, என்ர புளொக்குக்கு எங்கையோ இருக்கிற சூதாட்டத் தளம் ஒண்டு லிங்க் குடுத்திருக்கு. இனிக் கூகிள் என்ர பக்கத்தைக் காட்டாதாம். அழிச்சுப்போட்டுப் புதுசாத் தொடங்கவோ?" வீட்டுத்தோட்டம் பற்றி எழுதுகிற பிள்ளை. மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் என்ன செய்வது, கிணற்றுத் தண்ணீர் குறைகிற மாதங்களில் எந்தக் கன்றை வைக்கலாம் என்று இரண்டு வருடமாக ஒவ்வொன்றையும் தானே செய்து பார்த்து, தானே படம் எடுத்துப் போட்டவள். அத்தனையையும் ஒரே இரவில் அழிக்க யோசிக்கிறாள். அழிக்காதே என்று உடனே பதில் போட்டுவிட்டேன். மிச்சத்தை ஆறுதலாக எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இதே கேள்வியைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருந்து எழுதுகிற பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

நேரடிப் பதில் முதலில். யார் உங்களுக்கு லிங்க் கொடுக்கிறார்கள் என்று பெரும்பாலான பதிவர்கள் கவலைப்படத் தேவையில்லை. நீங்கள் காசு கொடுத்தோ, 'நீ எனக்கு நான் உனக்கு' என்று பேசியோ, ஆள் பிடித்தோ வாங்கிய லிங்குகளுக்கு நீங்கள் பொறுப்பு. உங்கள் பதிவிலிருந்து நீங்கள் மற்றவர்களுக்குக் கொடுக்கிற லிங்குகளுக்கும் நீங்கள்தான் பொறுப்பு, அதைத்தான் பலர் திரும்பியே பார்ப்பதில்லை. இவை தவிர, வன்னியில் இருந்து எழுதுகிற எங்களுக்கு இன்னொரு கவலை உண்டு. அது கூகிளோடு சம்பந்தப்பட்டதே இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது

கூகிளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1998இல், தங்கள் தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் லிங்க் கொடுக்கிறார்கள், அப்படிக் கொடுக்கிறவர்களுக்கு வேறு யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் அந்தப் பக்கத்தின் மதிப்பு ஓரளவுக்குத் தெரிந்துவிடும் என்பது அதன் அடிப்படை. பேஜ்ரேங்க் என்று அதற்குப் பெயர். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், கிராம அலுவலரான விதானையார் ஒருவரைப் பற்றி நல்லது சொன்னால் அதற்கு ஒரு எடை, தேத்தண்ணிக் கடையில் இருக்கிறவர் சொன்னால் அதற்கு வேறு எடை.

எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் ஆட்கள் அந்த எண்ணிக்கையை விற்கத் தொடங்கினார்கள். ஆயிரம் லிங்க் இவ்வளவு, ஐயாயிரம் லிங்க் இவ்வளவு என்று விலை போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. அதற்கு எதிராகக் கூகிள் 2012 ஏப்ரல் 24 அன்று பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. லிங்க் வாங்கிக் குவித்த தளங்கள் தேடலில் விழுந்தன. விழுந்தவர்கள் யார் யாரோவிடம் கெஞ்சி 'தயவுசெய்து உங்கள் பக்கத்திலிருந்து எங்கள் லிங்கை எடுத்துவிடுங்கள்' என்று மின்னஞ்சல் எழுதிக்கொண்டு திரிந்தார்கள். அந்த வருடம் ஒக்டோபரில், 'இந்த லிங்குகளோடு எனக்குச் சம்பந்தமில்லை' என்று கூகிளுக்குச் சொல்லுகிற டிஸ்அவோ கருவியும் வந்தது. இன்றைக்கு நீங்கள் யூடியூப்பில் கேட்கிற பயக்கதைகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்து மிச்சம்.

பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. 2016 செப்டெம்பரில் பென்குயினின் நாலாவது பதிப்பு வந்தபோது, கெட்ட லிங்குக்காக முழுத் தளத்தையும் கீழே தள்ளுவதைக் குறைத்து, அந்த லிங்கையே கணக்கில் எடுக்காமல் விடுகிற வழிக்குக் கூகிள் மாறியது. 2022 டிசம்பரிலிருந்து ஸ்பாம்பிரெயின் என்ற அதன் இயந்திரம், லிங்க் வாங்குகிற தளத்தையும் விற்பதற்காகவே நடத்தப்படுகிற தளத்தையும் சேர்த்தே அடையாளம் காண்கிறது. மாங்குளம் சந்தியில் யாரோ ஒருவர் நின்று போகிற வருகிற வாகனங்களுக்கெல்லாம் உங்கள் வீட்டைக் கைகாட்டினால், அதற்காக உங்கள் வீட்டை ஊர் பிழை சொல்லாது. கைகாட்டச் சொல்லி நீங்கள் அவருக்குக் காசு கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி.

சரி, எப்படிப் பார்ப்பது

கூகிள் சேர்ச் கொன்சோல் என்ற இலவசச் சேவையில் உங்கள் வலைப்பதிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகிளின் இலவச வலைப்பதிவுச் சேவையான புளொக்கரில் எழுதுகிறவர்கள் அதே கூகிள் கணக்கால் நுழைந்தால் உரிமையை நிரூபிக்கிற வேலை அநேகமாகத் தானாகவே முடிந்துவிடும். இடப்பக்கப் பட்டியலில் கீழே 'லிங்க்ஸ்' என்று இருக்கும். அதற்குள் உங்களுக்கு அதிகம் லிங்க் கொடுக்கிற தளங்கள், எந்தப் பதிவுக்கு அதிகம் வந்திருக்கிறது, என்ன சொற்களில் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று மூன்று அட்டவணைகள் வரும். இது முழுக் கணக்கு இல்லை, ஒரு மாதிரிதான், ஆனால் எங்கள் தேவைக்குப் போதும். போன் திரையிலும் திறக்கும், கணினி வேண்டும் என்றில்லை.

முதல்முறை திறக்கிறபோது பதற வேண்டாம். யாருடைய பட்டியலைத் திறந்தாலும் குப்பை இருக்கும், என்னுடையதிலும் இருக்கிறது. உங்கள் பதிவை அப்படியே வெட்டி ஒட்டிப் போடுகிற இயந்திரத் தளங்கள், உலகத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கிற தளங்கள், உங்கள் படத்தை எடுத்துப் போட்ட வால்பேப்பர் தளங்கள், யாரோ உடைத்து உள்ளே புகுந்து மருந்து விளம்பரம் நிரப்பிய பழைய பாடசாலைத் தளங்கள் எல்லாம் வரும். இவற்றில் எதற்கும் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு தடவை பாருங்கள், சிரமப்பட்டு ஒவ்வொன்றாகத் திறக்காதீர்கள், முக்கியமாகக் கைத்தொலைபேசியில் திறக்கவே வேண்டாம்.

முள்ளியவளைத் தங்கச்சி பார்த்தது இந்தப் பட்டியலைக்கூட இல்லை, புளொக்கரின் புள்ளிவிபரப் பக்கத்தை. இதை வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். அங்கே 'எங்கிருந்து வந்தார்கள்' என்ற இடத்தில் சூதாட்ட, ஆபாச, மருந்து விற்கிற தளங்களின் பெயர்கள் வருவது மிகவும் சாதாரணம். அந்தத் தளங்களில் அநேகமானவற்றில் உங்களுக்கு லிங்க் என்று ஒன்று இருக்கவே இருக்காது. ஒரு நிரல் உங்கள் பக்கத்தைத் தட்டி, 'நான் இந்த முகவரியிலிருந்து வருகிறேன்' என்று பொய் சொல்லிவிட்டுப் போகிறது. 'யாரடா இது எனக்கு லிங்க் கொடுத்திருக்கிறான்' என்று ஆவலில் நீங்கள் அதை அழுத்த வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அழுத்தினால் அவர்களுக்கு ஒரு வருகை, உங்களுக்கு வைரஸோ விளம்பரமோ. அழுத்தாமல் விடுவதுதான் முழு மருந்தும். அந்த வருகைகளை வாசகர்கள் என்று எண்ணி மகிழவும் வேண்டாம், எண்ணிக்கை திடீரென்று ஏறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டிய ஒரே ஓர் இடம்

அதே சேர்ச் கொன்சோலில் 'மனுவல் அக்ஷன்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது, பாதுகாப்பு என்ற தலைப்புக்குக் கீழே. கூகிளில் வேலை செய்கிற ஒரு மனிதர் உங்கள் தளத்தைப் பார்த்து, இது பிழை என்று முடிவெடுத்தால் அங்கே எழுதுவார்கள், மின்னஞ்சலும் வரும். பச்சைச் சரி அடையாளம் இருந்தால், லிங்குகளுக்காக நீங்கள் செய்ய வேண்டிய வேலை இன்றைக்கு முடிந்தது. உண்மையாகவே முடிந்தது. போய்ப் பதிவு எழுதுங்கள்.

அங்கே 'இயல்புக்கு மாறான லிங்குகள்' என்று எச்சரிக்கை இருந்தால் மட்டும் டிஸ்அவோ கருவியைத் தேடுங்கள். அல்லது, முன்பு நீங்களோ உங்களுக்குத் தளம் செய்து தந்தவரோ பெருமளவில் லிங்க் வாங்கியது உங்களுக்கே தெரியும், எச்சரிக்கை வரப்போகிறது என்று நியாயமான பயம் இருக்கிறது என்றால் தேடலாம். முதலில் நீங்கள் வாங்கிய லிங்குகளை விற்றவரிடமே சொல்லி எடுக்கப் பாருங்கள். எடுக்க முடியாதவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒரு தளத்தை முழுவதாக விலக்க, டொமைன் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, இந்த : அடையாளத்தைப் போட்டு, இடைவெளி விடாமல் தள முகவரியை எழுத வேண்டும். உங்கள் குறிப்புக்காக எழுதுகிற வரியை # அடையாளத்தோடு தொடங்கலாம். சொந்தப் பெயரில் டொமைன், அதாவது தள முகவரி, வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, சேர்ச் கொன்சோலில் டொமைன் வகையாகப் பதிந்த தளத்தை இந்தக் கருவி ஏற்காது, முழு முகவரி வகையாக இன்னொரு தடவை பதிய வேண்டும். கோப்பை ஏற்றிய பிறகு கூகிள் அந்தப் பக்கங்களை மறுபடி பார்த்து முடிய வாரக்கணக்காகும். நீங்கள் விலக்கிய தளங்கள் லிங்க் அட்டவணையில் தொடர்ந்தும் தெரியும், அதைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். எச்சரிக்கை வந்தவர்கள் கடைசியாக மறுபரிசீலனைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். என்ன பிழை செய்தோம், எதை எடுத்தோம் என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

எச்சரிக்கை இல்லாதவர்கள் இந்தக் கருவியைத் தொடவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் 'பார்க்க ஒரு மாதிரி இருக்கிற' தளங்களையெல்லாம் விலக்கினார், அதற்குள் புலம்பெயர்ந்த தமிழர் ஒருவர் நடத்திய, பழைய வடிவமைப்போடு இருந்த நல்ல தளம் ஒன்றும் போய்விட்டது. அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிந்துரை அதுதான். பிங் தேடுபொறி தன்னிடம் இருந்த இதே மாதிரியான கருவியை 2023இல் எடுத்தே விட்டது.

காசு கேட்டு வரும் மின்னஞ்சல்கள்

'உங்கள் தளத்துக்கு நச்சு லிங்குகள் வருகின்றன, இத்தனை டொலர் தந்தால் சுத்தம் செய்கிறோம்' என்று வருகிற கடிதத்தை அழித்துவிடுங்கள். 'நச்சு லிங்க்' என்பது லிங்க் எண்ணுகிற மென்பொருள்களை விற்கிறவர்கள் வைத்த பெயர், அவர்கள் போடுகிற புள்ளியைக் கூகிள் பார்ப்பதில்லை. சிலர் ஒரு படி மேலே போய், காசு தராவிட்டால் கெட்ட லிங்குகளை அனுப்பி விழுத்துவோம் என்று மிரட்டுவார்கள். பதில் எழுதாதீர்கள். அனுப்பினாலும் மேலே சொன்ன சந்தி மனிதரின் கைகாட்டல் மாதிரித்தான் அது.

இதைவிட ஆபத்தான கடிதம் இன்னொன்று, அது மிகவும் மரியாதையாக வரும். 'உங்கள் எழுத்து அருமை, எங்கள் கட்டுரை ஒன்றை உங்கள் தளத்தில் போட்டால் ஐம்பது டொலர் தருகிறோம்.' 2018 பெப்ரவரியில் கூகிளின் அட்சென்ஸ் விளம்பரம் தமிழுக்கு வந்த பிறகு தமிழில் எழுதினாலும் காசு பார்க்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது, அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். சிறுபோகம் பிழைத்த வருடத்தில் ஐம்பது டொலர் என்பது ஒரு வீட்டுக்குப் பெரிய காசு. ஆனால் அந்தக் கட்டுரைக்குள் ஒரு சூதாட்டத் தளத்துக்கோ கடன் கொடுக்கிற செயலிக்கோ லிங்க் இருக்கும், அதை விற்றவர் நீங்கள். எங்கள் மாவட்டங்களில் கடன் எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கிறது என்று தெரிந்த நாங்கள் அந்த வாசலைத் திறந்துவிடக் கூடாது. கூகிளின் விதியும் தெளிவு: காசு வாங்கிப் போடுகிற லிங்கின் நிரலில், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லுகிற 'ஸ்பொன்சர்ட்' அல்லது 'நோஃபொலோ' குறியைப் போட வேண்டும். அந்தக் குறியைப் போடுகிறேன் என்று எழுதிப் பாருங்கள், அநேகமானவர்கள் திரும்பிப் பதில் போட மாட்டார்கள்.

ஊரில் உள்ள கடை, விவசாய உபகரணம் விற்கிறவர், நம்பிக்கையானவர் விளம்பரம் கேட்டால் தாராளமாகச் செய்யுங்கள், விளம்பரம் என்று எழுதி, குறியையும் போட்டு.

நீங்கள் கொடுக்கிற லிங்குகள்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்கச் சொல்கிறேன். 2004இல் தமிழ்மணம் தொடங்கிய காலத்திலிருந்து திரட்டிகள்தான் தமிழ்ப் பதிவர்களுக்கு வாசகர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. யார் பதிவு போட்டாலும் அங்கே தெரியும், அங்கிருந்து சென்னையிலும் சிங்கப்பூரிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்து வாசித்துப் பின்னூட்டம் போட்டார்கள். அந்த நாட்களில் சிறிய சிறிய திரட்டிகளும் நிறைய இருந்தன, ஒவ்வொன்றின் ஓட்டுப்பட்டையையும், அதாவது வாசகர் வாக்குப் போடுகிற பொத்தானையும், பதிவின் வடிவமைப்பான வார்ப்புருவில் ஒட்டி வைத்தோம். ஒட்டியது ஒரு நிரல்வரி, அந்த வரி அவர்களுடைய தளத்திலிருந்து எதை அனுப்பினாலும் உங்கள் பக்கத்தில் ஓட்டும். திரட்டியை மூடிவிட்டுப் போகிறார்கள், டொமைனைப் புதுப்பிக்கவில்லை, வேறு யாரோ வாங்குகிறார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒருநாள் ஒரு வாசகி, 'உங்கட ஒடியல் கூழ்ப் பதிவைத் திறந்தால் பரிசு விழுந்திருக்கு எண்டு ஒரு பக்கம் வருது' என்று எழுதினார். என் போனில் வரவில்லை, அதனால் இரண்டு வாரம் நான் நம்பவில்லை. கடைசியில் பார்த்தால் எப்போதோ மூடிப்போன ஒரு சிறு திரட்டியின் பட்டை. எத்தனை பேர் அந்த இரண்டு வாரத்தில் அந்தப் பக்கத்தில் தங்கள் போன் இலக்கத்தைக் கொடுத்தார்களோ தெரியாது, அந்த எண்ணம் இப்போதும் உறுத்துகிறது. உங்கள் வார்ப்புருவையும் பக்கப்பட்டையையும் இன்றைக்கே திறந்து, பழைய ஓட்டுப்பட்டை, வருகை எண்ணி, நேரம் காட்டுகிற கடிகாரம், நண்பர் தந்த பெயர் தெரியாத நிரல்வரி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் வார்ப்புருவை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

அப்புறம் பழைய பதிவுகளுக்குள் இருக்கிற லிங்குகள். புளொக்ஸ்பொட் முகவரிகளில் இந்தியாவுக்கான 'டொட் இன்' முடிவு 2020இல் கூகிளின் கையை விட்டுப் போனது. தமிழ்நாட்டுப் பதிவர்களுக்கு அந்த வருடங்களில் நீங்கள் கொடுத்த லிங்குகளில் 'டொட் இன்' இருந்தால் 'டொட் கொம்' என்று மாற்றுங்கள், பதிவு இன்னும் இருந்தால் திறக்கும். ஈழத்துப் பழைய தளங்கள் பல 2009க்குப் பிறகு இல்லாமல் போயின. அவற்றுக்கான லிங்குகளை எடுத்துவிட்டு, இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் பழைய பிரதி இருக்கிறதா என்று தேடி அதற்குக் கொடுங்கள். நூல், இதழ், பத்திரிகை என்றால், ஈழத்து ஆவணங்களைச் சேமித்து வைக்கிற நூலகம் இணையத்தளத்தில் முதலில் தேடுங்கள். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் பற்றியோ வன்னிக் குளங்களைப் பற்றியோ எழுதுகிறவர்களுக்கு இது ஒரு கடமை மாதிரி. எங்களுடைய எவ்வளவோ ஆவணங்கள் எரிந்தும் நனைந்தும் போய்விட்டன, மிஞ்சியவை எங்கே இருக்கின்றன என்று காட்டுகிற லிங்க் ஒரு சிறு பாதுகாப்பு.

பின்னூட்டங்களில் யாராவது லிங்க் ஒட்டிவிட்டுப் போனால்? 2005 ஜனவரியில் கூகிள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து நோஃபொலோ என்ற குறியைக் கொண்டுவந்தது இந்தத் தொல்லைக்காகத்தான். புளொக்கரும் வேர்ட்பிரஸும் பின்னூட்ட லிங்குகளுக்கு அதைத் தாமாகவே போடுகின்றன. ஆனாலும் பின்னூட்டங்களைப் பார்த்து அனுமதிக்கிற அமைப்பைப் போட்டு வையுங்கள், வாசிக்கிறவர் அழுத்துவதை நோஃபொலோ தடுக்காது.

வன்னியில் இருந்து எழுதுகிறவர்களின் கவலை

பாலைப்பழக் காலத்தில் எங்கள் ஆச்சியைப் படம் எடுத்தேன். காட்டுக்குப் போய்வந்து, மடியில் பழத்தோடு, உதட்டில் ஒட்டின பாலைத் துடைத்தபடி சிரிக்கிறா. அந்தப் படத்தோடு பாலைப்பழம், வீரைப்பழம், உலுவிந்தை பற்றி ஒரு பதிவு போட்டிருந்தேன். ஒரு செய்தித் தளம் அந்தப் படத்தை எடுத்து, சாப்பாட்டுக்கு வழியில்லாமல் காட்டில் அலைகிற மூதாட்டி என்று தலைப்புப் போட்டு, 'நன்றி' என்று கீழே எனக்கு லிங்கும் கொடுத்தது. வாசகர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற மாமா போன் எடுத்து அழுதார், ஊரில் நாலு பேர் ஆச்சியிடமே கேட்டார்கள், ஆச்சி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. தேடுபொறிக் கணக்கில் பார்த்தால் அது எனக்குக் கிடைத்த மிக நல்ல லிங்க்.

ஆகவே எங்கள் இடத்தில் பார்க்க வேண்டியது வேறு. யுத்தம் தின்ற ஊர் என்பதால் எங்கள் படத்துக்கும் எங்கள் சொல்லுக்கும் வேறொருவர் தலைப்பு வைக்கக் காத்திருக்கிறார். அப்படி நடந்தால் உடனே அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுங்கள், வேபேக் மெஷினிலும் சேமியுங்கள், அவர்கள் பிறகு மாற்றினாலும் உங்களிடம் ஆதாரம் இருக்கும். ஆசிரியருக்கு மரியாதையாக, ஆனால் நாள் குறித்து எழுதுங்கள். உங்கள் படம் உங்களுடையது, இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எங்கும் பதியாமலே அது உங்கள் பதிப்புரிமை. பதில் வராவிட்டால் அந்தத் தளத்தை இயக்குகிற வழங்கி நிறுவனத்துக்கும், கூகிளின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்திலும் எழுதலாம். எனக்கு நாலாவது நாள் தலைப்பை மாற்றினார்கள். இதற்கிடையில் என்னுடைய பதிவின் முதல் வரியிலேயே, இந்தப் படம் என்ன, இவர் யார், ஏன் சிரிக்கிறார் என்று எழுதிவிட்டேன், ஏனென்றால் லிங்கைப் பிடித்து வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். லிங்க் கொடுப்பதை உங்களால் தடுக்க முடியாது. வந்து சேர்கிறவர் என்ன வாசிப்பார் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

கட்சி சார்ந்த, இயக்கம் சார்ந்த தளங்கள் லிங்க் கொடுக்கிறபோதும் இதேதான். 'ஆற்றை ஆள் நீ', அதாவது நீ யாருடைய ஆள் என்ற கேள்வி எங்கள் ஊரில் சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 'என்னைப் பற்றி' என்ற பக்கத்தில் எதைப் பற்றி எழுதுகிறேன், ஏன் எழுதுகிறேன், மற்றவர்கள் லிங்க் கொடுப்பதால் அவர்கள் கருத்து என் கருத்தாகாது என்று இரண்டு பத்தி எழுதி வையுங்கள். போன் கமெராவில் இடம் பதிகிற அமைப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் படத்துக்குள் உங்கள் வளவின் இடம் பதிந்துகொண்டு போகும். மனிதர்களைப் படம் எடுத்தால் கேட்டு எடுங்கள், இணையத்தில் போடுவேன் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். ஆச்சியிடம் நான் முதலாவதைக் கேட்டேன், இரண்டாவதைக் கேட்கவில்லை.

நல்ல லிங்குகள் உடைந்து போகாமல்

தமிழ்த் தலைப்பு வைத்தால் புளொக்கர் முகவரியைப் 'புளொக்-போஸ்ட்' என்று ஓர் எண்ணோடு போட்டுவிடும். வேர்ட்பிரஸில் தமிழ் முகவரி வாட்ஸ்அப்பில் போகும்போது % குறியும் எண்ணுமாக முழ நீளத்துக்கு நீளும், வெட்டுப்பட்டால் திறக்காது. வெளியிடும் முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக நீங்களே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் உங்கள் வேறு பதிவுகள் இரண்டுக்கு முழு முகவரியோடு லிங்க் கொடுங்கள், திருடி ஒட்டுகிறவர்கள் அதையும் சேர்த்தே ஒட்டுவார்கள், வாசகர் உங்களிடம் வந்து சேர ஒரு பாதை இருக்கும்.

வெளியிட்ட பிறகு பதிவை அழிக்காதீர்கள், திருத்துங்கள். தங்கச்சியை அடுத்த நாள் சேர்ச் கொன்சோலைத் திறக்க வைத்தேன். மனுவல் அக்ஷன்ஸில் பச்சைச் சரி. லிங்க் பட்டியலில் குப்பைகளுக்கு நடுவே தமிழ்நாட்டு மாடித்தோட்டக்காரர் ஒருவருடைய வலைப்பதிவு இருந்தது. அவர் மிளகாய் இலைச்சுருளுக்கு இவள் செய்த வேப்பெண்ணெய்க் கரைசலைத் தானும் செய்து பார்த்து, இவளுக்கு லிங்க் கொடுத்து எழுதியிருக்கிறார். அழுத்தினால் பக்கம் இல்லை என்று வருகிறது, அந்தப் பதிவை இவள் போன வருடம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள். புளொக்கர் அமைப்புகளில் 'பிழைகளும் வழிமாற்றங்களும்' என்ற பகுதியில் வழிமாற்றம் சேர்க்கிற இடம் இருக்கிறது. முதல் பெட்டியில் அழிந்த பதிவின் முகவரி, இரண்டாவதில் புதியதன் முகவரி, இரண்டிலும் தளத்தின் பெயரை விட்டுவிட்டுச் சாய்கோட்டிலிருந்து மட்டும் எழுத வேண்டும், 'நிரந்தரம்' என்பதைப் போட்டுச் சேமிக்க வேண்டும். மூன்று நிமிடம் எடுத்தது. அன்றிரவே அந்த மாடித்தோட்டக்காரருக்கு, உங்கள் கரைசலில் சோப் எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.